மஞ்சளாற்றில் முழங்கால் தண்ணீர்

பாம்பன்
18.6.2023

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கச்சி பிரெசில்லாவுக்கு அண்ணன் பிரடெரிக் எழுதுவது. இங்கே அய்யா, அம்மா, நான் மூவரும் சுகம். நீ அங்கே சுகமாக இருக்கிறாயா? கன்னியர் மடத்தில் ஃபோன் கூடாது என்பதால் இந்தக் காலத்திலும் நான் போஸ்ட் ஆபீசில் போய் இன்லேண்ட் லெட்டர் கேட்டு நிற்கிறேன். கவுண்டரில் இருக்கிற அக்கா, "யாருக்குப்பா, லவ் லெட்டரா?" என்று சிரிக்கிறார்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மதுரையில் ஒரு சைக்கிள் டூர் கம்பெனி. தார் ரோட்டை விட்டு, மண்பாதையிலேயே நாள்கணக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப் போகிறார்கள். அதற்கென்றே கிராவல் சைக்கிள் என்று ஒரு வகை இருக்கிறது. ஹேண்டில்பார் கிடாக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும், டயர் அகலமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அய்யா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "கிராவல் சைக்கிளா? இதுல எத்தன சட்டி கிராவல் மண்ணு அள்ளலாம்?" என்று கேட்டார். மகன் கடலுக்கு வராமல் கரையில் சைக்கிள் ஓட்டுகிறானே என்ற வருத்தம் அவருக்கு.

என் வேலை பாதை கண்டுபிடிப்பது. வைகை கடலில் சேர்கிற ஆற்றங்கரை ஊரில் தொடங்கி, ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போய், மலையடிவாரத்தில் முடிய வேண்டும். அதாவது உன் மடத்துப் பக்கம். டிசம்பர் எட்டாம் தேதி நீ கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது எல்லாரும் வேனில் வருவார்கள். நான் சைக்கிளில் வருவேன்.

அய்யாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. படகு கவிழ்ந்து கடலில் மிதந்த அன்றைக்கு, உயிரோடு கரை சேர்ந்தால் மகளைத் தருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்தாரே, அந்தக் கதையைத் தெருவில் எல்லாருக்கும் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் பிரடெரிக்


தேவதானப்பட்டி
9.7.2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பிரெசில்லா எழுதிக்கொண்டது. கடவுள் கிருபையால் நான் நலம். அய்யாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

உங்கள் வேலையைப் பற்றிப் படித்து மற்ற பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தேன். பாதை தேடுகிறீர்கள் என்றால் எங்கள் மடத்துக்குப் பின்னாலேயே ஒன்று இருக்கிறது. மாந்தோப்பு வழியாக மலையை ஒட்டிப் போகும் செம்மண் பாதை. சரளைக் கல் நிறைய. நடக்கும்போதே வழுக்கும். கொஞ்ச தூரத்தில் மஞ்சளாற்றைத் தரைப்பாலத்தில் கடக்க வேண்டும். இப்போது முழங்கால் தண்ணீர்தான். மருந்தகத்தில் வேலை செய்யும் ஜோதிகா அக்காவும் நானும் அந்த வழியாகத்தான் எதிர்க்கரை வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகிறோம். எனக்கு இங்கே மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

போன வாரம் மதர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "டிசம்பருக்குத் தயாராக இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். எல்லாரும் உடனே ஆம் என்றார்கள். நான் மட்டும், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

கச்சான் காற்று பலமாக இருக்கிறதாமே. அய்யா கடலுக்குப் போகிறாரா? எழுதுங்கள்.

எல்லாருக்கும் என் செபம்.
பிரெசில்லா


பாம்பன்
30.7.2023

இயேசுவுக்கே புகழ்.

தங்கச்சிக்கு, இங்கே எல்லாரும் சுகம். அய்யாவின் முழங்கால் கடலுக்குப் போகும்போது வலிக்காது, அம்மா கடைக்கு அனுப்பினால் வலிக்கும். அவரும் வீரையாண்ணனும் நாள் தவறாமல் படகு எடுக்கிறார்கள். காற்று இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்கு அது புதிதா?

ஆற்றங்கரையிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கண்மாய்க்கரை மேலே பாதை அருமையாக இருக்கிறது. ஆனால் சீமைக்கருவேல முள்! டயருக்குள் பசை மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கிறார்கள், சின்ன ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். நம் ஊர் முள்ளுக்கு அது பத்தவில்லை. பார்த்திபனூர் மதகுக்கு அங்கிட்டு ஆற்றுக்குள்ளேயே மணல், சக்கரம் புதைகிறது. இறங்கித் தள்ளினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தர், "வண்டி ரிப்பேரா தம்பி?" என்று கேட்டார். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார் என்று, "ஆமாண்ணே" என்றேன்.

நீ சொன்ன மாந்தோப்புப் பாதையை எங்கள் முதலாளியிடம் சொன்னேன். கடைசி நாளுக்கு அதையே வைப்போம் என்கிறார். இன்னும் விவரம் வேண்டும். யானை வருமா? தோப்புக்காரர் மறிப்பாரா?

மதர் கேட்டதற்குப் பிறகு பதில் சொன்னாயா? அதை எழுதவில்லையே.

உன் கடிதத்தை எதிர்பார்த்து,
பிரடெரிக்


தேவதானப்பட்டி
3.9.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

யானை மாம்பழக் காலத்தில் வரும் என்பார்கள். தோப்புக்காரர் நல்லவர், மறிக்கமாட்டார்.

அய்யா கடலுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்? எப்போது போகிறார், எப்போது திரும்புகிறார் என்று எழுதுங்கள். முடிந்தால் கொஞ்ச நாள் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பிரெசில்லா


பாம்பன்
24.9.2023

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் சுகம். உன் கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. வந்ததும் தபால் கார்டில் அடங்குகிற அளவு. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா? அம்மா உன் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அம்புட்டுத்தானா? பின்னாடி திருப்பிப் பாரு" என்றார்கள். திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நானாக இரண்டு வரி சேர்த்து வாசித்தேன்.

அய்யாவிடம் கொஞ்ச நாள் கடலுக்குப் போகவேண்டாம் என்று நானே சொல்வது மாதிரி சொன்னேன். "ஏலே, எம்மக அங்கன முட்டுப்போட்டு செபம் பண்ணுறா. எனக்கு என்னலே ஆகப்போகுது?" என்று சிரித்தார். டிசம்பருக்கு வேன் பேசிவிட்டார். ஒரு வேன் காணாது என்று இரண்டாவதும் பேசியிருக்கிறார். பங்குச் சாமியாரையும் அழைத்தாயிற்று. தெருவில் பாதிப் பேர் வருகிறார்கள்.

எனக்கு மதுரை தாண்டி, சோழவந்தான் வழியாக அணைவரைக்கும் பாதை கிடைத்துவிட்டது. நவம்பரில் மலையடிவாரத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஜனவரியில் முதல் குழு வருகிறது. அங்கே மழை பிடித்துவிட்டது என்கிறார்கள். மஞ்சளாற்றுத் தரைப்பாலம் எப்படி இருக்கிறது? நீ நேரில் பார்க்கிறவள். சைக்கிளோடு கடக்கலாம் என்றால் அப்படியே வருகிறேன், இல்லையென்றால் வேறு வழி பார்க்கிறேன். வந்தால் உன்னையும் வாசலில் வைத்தாவது பார்த்துவிட்டுப் போகலாம்.

சீக்கிரம் எழுது. நிறைய எழுது.
பிரடெரிக்


தேவதானப்பட்டி
29.10.2023

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு, நலம், நலமறிய ஆவல்.

நவம்பர் முழுவதும் எங்களுக்குத் தியானம். வீட்டார் யாரையும் பார்க்க விடமாட்டார்கள். வாசலில்கூட. அதனால் வர வேண்டாம். வேலைக்காக வந்தாலும் மடத்துப் பக்கம் வராமல் போய்விடுங்கள். மதர் கோபப்படுவார்கள்.

இரண்டு வேன் எதற்கு? ஒன்றும் வேண்டாம் என்று அய்யாவிடம் சொல்லுங்கள். தேதி மாறினாலும் மாறும்.

மஞ்சளாற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழங்கால் தண்ணீர்தான். சைக்கிளோடு கடக்கலாம்.

புயல் சின்னம் என்று கேள்விப்பட்டேன். அய்யா எங்கே?

பிரெசில்லா


பாம்பன்
19.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

அய்யா வீட்டில் இருக்கிறார். புயல் கூண்டு ஏற்றியிருப்பதால் படகுகள் போகவில்லை. அம்மா சுகம். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வலது கையில் சின்னச் சுளுக்கு, இடது கையால் எழுதுகிறேன்.

மலையடிவாரத்துக்கு வரவில்லை. மழை அதிகமாக இருந்ததால் அணையோடு திரும்பிவிட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா? இரவில் படுக்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா? பணம் வேண்டுமென்றால் எழுது. எதுவானாலும் எழுது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். கடிதம் மட்டும் நிற்க வேண்டாம்.

அண்ணன்


சோழவந்தான்
23.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஜோதிகா அக்கா கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு முன்பே, கையில் கட்டும் உடம்பெல்லாம் சேறுமாக ஒருவர் மடத்து வாசலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்று வாட்ச்மேன் சொன்னதையும் சொன்னார்கள். நீங்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மடத்தில் யாருக்கும் படுக்க இடம் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா அண்ணே? அந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்துவிட்டது.

நான் ஆகஸ்ட் மாதமே மடத்தை விட்டு வந்துவிட்டேன். யாரும் விரட்டவில்லை. யாரோடும் போகவில்லை. மதர் இரண்டாவது முறை கேட்டபோது, "என்னால் முடியாது மதர்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது. மதர் கோபப்படவில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். நானே போய்ச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன். மதுரை வரை வந்தேன். ராமேஸ்வரம் பஸ்ஸில் உட்கார்ந்தும் விட்டேன். பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். ஜோதிகா அக்காவின் வீடு சோழவந்தானில். அவர்கள் அம்மாவோடு தங்கிக்கொண்டு இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அக்கா வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார்கள். மடத்துக்கு வரும் உங்கள் கடிதத்தைக் கொண்டுவருவதும், என் கடிதத்தை அங்கே தபாலில் போடுவதும் அவர்கள்தான். அவர்களைத் தப்பாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும், "வீட்டுக்குச் சொல்லும்மா" என்று திட்டிக்கொண்டேதான் செய்தார்கள்.

எனக்கு மடத்தில் ஒரு குறையும் இல்லை அண்ணே. செபம் பிடிக்கும், மருந்து கொண்டுபோவது பிடிக்கும். ஆனால் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் அய்யா தண்ணீருக்குள் இருப்பதுதான் கண்ணுக்கு வரும். நான் இங்கே இருப்பதால்தான் அவர் அங்கே மிதக்கிறார் என்று தோன்றும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் இருந்தேன். அதை வைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்று வார்த்தைப்பாடு கொடுக்க முடியவில்லை. வெளியே வந்த பிறகு பயம் இன்னும் அதிகமானது. காற்று அடித்தால் உறக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் டிவி ஓடினால் வானிலைச் செய்தி வரும்வரை நிற்பேன்.

அய்யாவையே நினைத்துக்கொண்டிருந்தவள் உங்களை நினைக்கவில்லை. மஞ்சளாறு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது என்று எழுதினால், மடத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆறு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். ஜூலையில் பார்த்த தண்ணீரை அக்டோபரில் எழுதினேன். கையில் கட்டு அதனால்தானே? மறைக்காமல் சொல்லுங்கள்.

வேன் நாள் நெருங்குகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரெசில்லா


பாம்பன்
30.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் இதைத் தெரிந்துகொள். நான் நன்றாக இருக்கிறேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கூடிவிடும்.

மறைக்காமல் கேட்டாய், சொல்கிறேன். தரைப்பாலத்துக்கு மேலே செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஆழம் தெரியாது. வேறு யாராவது சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன். என் தங்கச்சி தினமும் நடக்கிற இடம் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினேன். பாதி போனதும் காலுக்கடியில் பாலமே இல்லை. சிமெண்டை வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. சைக்கிள் போய்விட்டது. நான் மூங்கில் புதர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தோப்பில் காவல் இருந்தவர்தான் கயிறு போட்டு இழுத்து, துண்டைக் கிழித்துக் கையில் கட்டினார். கடல்காரன் வீட்டுப் பிள்ளை, கடலுக்குப் பயந்து கரைக்கு வந்து, மலையில் முங்கப் பார்த்தேன்.

அப்படியே மடத்துக்கு வந்தேன். "அந்தப் பிள்ள ஆகஸ்ட்லயே போயிருச்சே தம்பி" என்றார் வாட்ச்மேன். ஆற்றில் விழுந்தபோது வராத பயம் அப்போது வந்தது. போன மாதம்வரை கடிதம் வந்திருக்கிறது, ஆனால் நீ எங்கே என்று தெரியாது. கேட்டால் பயந்துபோய் எழுதுவதையும் நிறுத்திவிடுவாயோ என்றுதான் ஒன்றும் கேட்காமல் எழுதினேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை தெருவில் தபால்காரர் சைக்கிளை யார் வீட்டில் நிறுத்தினாலும் எழுந்து நின்றேன்.

உன் கடிதம் வந்த அன்றே அய்யாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேனுக்குப் பேர் கொடுத்தவர்கள் புதுச் சேலை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அய்யா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். ஊசியைக் கீழே வைத்தார்.

"உசுரோட இருக்காளா?"

"சோழவந்தான்ல இருக்காய்யா. நல்லா இருக்கா."

"நான் மாதாட்ட சொன்ன வார்த்தைலே அது. திருப்பிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அவ்வளவுதான். அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "மாதாவும் பிள்ள பெத்தவதான், அவளுக்குத் தெரியும்" என்றார்கள். அய்யா வேன்காரருக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். கூண்டு இறக்கி எல்லாப் படகும் போய்விட்டது. அய்யா போகவில்லை. வீரையாண்ணன் வந்து கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறார். கரைவரைக்கும் நடந்து போகிறார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், திரும்பி வருகிறார். உன் பயம் இப்போது அவரிடம் இருக்கிறது.

எனக்கு மதுரை ஆபீசில் வேலை இருக்கிறது. கை சரியாகும்வரை உட்கார்ந்து பாதையைத் திருத்திக் கொடுக்க வேண்டும். தரைப்பாலத்தை எடுத்துவிட்டேன். கீழே பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போகட்டும். கேள்விப்பட்டதை வைத்து இனிமேல் ஒரு அடிகூடக் குறிக்கமாட்டேன்.

நீ வீட்டுக்கு வா. அய்யா கூப்பிடுவார் என்று காத்திருக்காதே.

உன் அண்ணன்


பாம்பன்
20.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று ஃபோனில் பேசியபோது அம்மா பக்கத்திலேயே இருந்தார்கள். அய்யா வாசலில். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கை எப்படி இருக்கிறது? கட்டு பிரித்தபிறகு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

வந்து இறங்கிய அன்று அய்யா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனார். அம்மா கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருவில் வந்து பார்த்தவர்கள், "சாமியாரம்மா ஆகலையா?" என்று கேட்டார்கள். "ஆகலை" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் சோழவந்தானில் ஒளிந்திருந்தேனா என்று இருந்தது.

அய்யா என்னிடம் பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். நான் இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. கரைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நேற்று நீங்கள் பேசி வைத்தபிறகு அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். அய்யா வாசலில் இருந்தபடியே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"அங்கன ஒன்னய அடிச்சாகளா?"

"இல்லய்யா."

"பட்டினி போட்டாகளா?"

"இல்லய்யா. நல்லாத்தான் வச்சிருந்தாக."

"பெறகு?"

"நான் வந்துட்டா ஒங்களக் கடல் எடுத்துக்கிருமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்யா. பயத்துலதான் இருந்தேன். பயத்துலயே சாமி கும்புட முடியல."

அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "அன்னைக்கு நான் ஒன்னய நேந்தது பக்தியிலயா?" என்றார். "உப்புத்தண்ணி குடிச்சுக் குடிச்சு வயிறு வீங்கிக் கெடந்தேன். என்ன கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். படகக் கேட்டா படகு. ஒங்கண்ணன் பேரச் சொல்லியிருந்தா அவன். ஒம் பேரு வாயில வந்துச்சு."

அய்யா எழுந்து கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து அம்மாவிடம், "காலையில படகு எடுக்கேன், வீரையாட்ட சொல்லிரு" என்றார்.

விடியும் முன்னால் போனார்கள். நான் எழுந்துதான் இருந்தேன். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எப்போதுமே சொல்லிக்கொள்ளமாட்டார், உங்களுக்குத் தெரியும்.

காலையில் வாடைக்காற்று கிளம்பிவிட்டது. கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், தாள் படபடக்கிறது. உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. மற்ற படகுகள் வந்துவிட்டன, அய்யாவின் படகு வரவில்லை. வரிக்கு வரி தலையைத் தூக்கிக் கடலைப் பார்க்கிறேன் அண்ணே. பக்கத்தில் வீரையாண்ணன் சம்சாரம் உட்கார்ந்திருக்கிறார். "பயமாருக்காத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்குங்கூடத்தான். கலியாணமான நாள்லேருந்து இருக்கு" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். இவர் யாரையும் யாருக்கும் நேர்ந்துவிடவில்லை. இவருக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

படகு தெரிகிறது. முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். இன்ஜின் நின்றுபோய்ப் பாய் கட்டி வருகிறார்கள். அதனால்தான் தாமதம். அய்யா முன்னால் நிற்கிறார். சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. கரையில் இத்தனை ஆண்கள் நிற்கிறார்கள், என்னைப் பார்த்துத்தான் கையை ஆட்டிக் கத்துகிறார். "ஏத்தா பிரெசில்லா, என்ன எழுதிக்கிட்டு இருக்க? வந்து கயித்தப் பிடி!"

போகிறேன் அண்ணே.